இடது கீழ் மூலை

பழைய வண்டிக்கு முன் கண்ணாடி மாட்டும்போது, உள்ளே உட்கார்ந்து கயிறு இழுப்பவர் சொல்வதைத்தான் வெளியே இருப்பவர் கேட்க வேண்டும். எங்கள் தொழிலில் அதுதான் முறை. கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, ரப்பரின் பள்ளத்தில் மெல்லிய கயிற்றைச் சுற்றிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து சட்டத்தில் சாய்த்து வைப்போம். உள்ளே இருப்பவர் கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு தகட்டு விளிம்பைத் தாண்டி உள்பக்கம் மடங்கும். அவர் "இங்க" என்று சொல்லும் இடத்தில் மட்டும் வெளியே இருப்பவர் உள்ளங்கையால் தட்டலாம். "நில்லு" என்றால் கையை எடுத்துவிட வேண்டும்.

அப்பாவின் கடையில் உள்ளே உட்காருபவள் நான். பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்தி ஒன்றரை வருடமாகிறது. அதற்குப் பிறகு எனக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான். அங்கே இரண்டு சொற்களுக்கு மேல் யாரும் என்னிடம் கேட்பதில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குராமோச்சி சான் என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் பெரியவர் தன் வண்டியைக் கொண்டுவந்தார். நாற்பது வருடம் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். அறுபத்தாறாம் வருடத்து இரண்டு கதவு வண்டி, வெளிர் பச்சை நிறம். ரப்பர் கல்லாகி, மழை பெய்தால் காலடியில் தண்ணீர் நின்றது. பதினோரு வருடம் தேடி, ஜப்பானின் வடக்கே அகிதாவில் மூடிப்போன ஒரு விற்பனைக் கடையின் கிடங்கில், பிரிக்கப்படாத புதுக் கண்ணாடி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அதை மெத்தை விரிப்பில் சுற்றி, குழந்தையைப் போலப் பின் இருக்கையில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். பழைய வண்டிச் சங்கத்தினர் நான்கு பேரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

"பத்து நிமிஷத்துல மாட்டிடுவீங்களாமே, நீவா சான்?" என்று அப்பாவைக் கேட்டார் அவர்களில் ஒருவர்.

"பத்தா? உங்க கையில இருக்கிற காப்பி ஆறுறதுக்குள்ள மாட்டிக் காட்டுறேன்" என்றார் அப்பா.

"இது வாங்கும்போதே ஆறித்தான் இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாக அப்பா சிரித்தார்.

பழைய ரப்பரைக் கழற்றிச் சட்டத்தைத் துடைக்கும்போது, இடது கீழ் மூலையில் என் துணி சிக்கியது. யாரோ எப்போதோ பற்றவைத்த இடம். அதன்மேல் துருவும் காய்ந்த பசையும் சேர்ந்து அவரைக்கொட்டை அளவுக்கு மேடு கட்டியிருந்தது.

"அப்பா, இங்க ஒரு மேடு இருக்கு."

"சோப்பு போட்டா வழுக்கிட்டுப் போயிடும். ஏறி உக்காரு."

ஏறி உட்கார்ந்தேன். மேல்பக்கமும் வலதுபக்கமும் நன்றாகவே வந்தன. இடது கீழ் மூலைக்கு வந்ததும் கயிறு கல்லில் மாட்டியதுபோல் இறுகியது. இழுப்பதை விட்டுவிட்டு "நில்லுங்க" என்றேன். அப்பா அப்போது வெளியே யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்தபடியே உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

நகம் உடைவதுபோல் சின்னச் சத்தம்தான் கேட்டது. மூலையிலிருந்து ஒரு கோடு கிளம்பி, மேலே பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிவரை ஓடியது.

பிறகு அப்பா குனிந்து, விரிசல் வழியாக என்னைப் பார்த்தார்.

"சயோ! ஏன் வெடுக்குனு இழுத்த?"

"நான் நில்லுங்கன்னு சொன்னேன்."

"யார் காதுல விழுந்துச்சு? பள்ளிக்கூடத்துலயும் இதே கதைதான். வாய்க்குள்ளயே பேசிட்டு அப்புறம் சொன்னேன், சொன்னேன்னு நிப்பா."

யார் காதிலும் விழவில்லை என்பது உண்மைதான்.

உடைந்த கண்ணாடியை இறக்கியபோது குராமோச்சி சான் சட்டத்தின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே வந்தார். இடது கீழ் மூலையில் விரல் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். விரலைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் நல்ல கடையாகப் பார்த்து ஒரு பெட்டி பயறு அல்வா வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனோம். தவறு செய்தவர்தான் பெட்டியை நீட்ட வேண்டும். நான் நீட்டினேன்.

"நான் சொல்ற வரைக்கும் நிமிராத" என்று அப்பா வழியிலேயே சொல்லியிருந்தார்.

மண்டியிட்டுக் குனிந்தேன்; பாயில் நெற்றி பட்டது. "என் மகளோட கைத்தவறு" என்று அப்பாவின் குரல் கேட்டது. இப்போது குராமோச்சி சான் அந்த மேட்டைப் பற்றிச் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். பாயின் கோரைகளை எண்ணிக்கொண்டு காத்திருந்தேன்.

"சின்னப் பொண்ணுதானே, பழகப் பழக வந்துடும்" என்றார் குராமோச்சி சான். "அடுத்த தடவ கவனமா இழும்மா."

நிமிர்ந்தபோது அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் அப்பா உற்சாகமாக இருந்தார். "பெரிய மனுஷன்! ஒரு வார்த்தை கேக்கல பாத்தியா?"

இரண்டு வாரத்தில் வேறு கண்ணாடி கிடைத்தது. உடைத்துப் போட்ட வண்டி ஒன்றிலிருந்து எடுத்தது, துடைப்பான் உரசிய வடுவோடு இருந்தது. மாட்டுவதற்கு முந்தின நாள் மதியம் அப்பா நூடுல்ஸ் சாப்பிடப் போனதும், நான் உளியை எடுத்து அந்த மேட்டைச் செதுக்கினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். துருவைத் தடுக்கும் சாம்பல் நிறச் சாயத்தை இரண்டு தடவை பூசினேன். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். விரல் எங்கேயும் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் வண்டிக் கதவைத் திறந்தேன்.

"நீ வேண்டாம்" என்றார் அப்பா. "ஒகிமா இழுக்கட்டும்."

ஒகிமா பக்கத்து டயர் கடைக்காரர். வாழ்நாளில் கயிறு இழுத்ததில்லை. உள்ளே உட்கார்ந்து முந்தின நாள் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இழுத்தார். ஒரு தடவைகூட "இங்க" என்றோ "நில்லு" என்றோ சொல்லவில்லை. கண்ணாடி ஒரு முனகல்கூட இல்லாமல் போய் உட்கார்ந்தது.

"பாத்தீங்களா? இழுக்கிற கை மாறுனா போதும்!" என்றார் அப்பா.

"டயர் புடிச்ச கைப்பா இது!" என்று ஒகிமா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். "உன் பொண்ணுக்கு வேணா ரெண்டு நாள் பாடம் எடுக்கட்டுமா?"

சங்கத்தினர் சிரித்தார்கள். குராமோச்சி சானும் சிரித்தார். கண்ணாடி வைப்பதற்கு முன் அவர் குனிந்து அந்தப் புதுச் சாயத்தைப் பார்த்ததை நான் பார்த்திருந்தேன்.

கடைசியில் தண்ணீர் பீய்ச்சிப் பார்க்க வேண்டும். ஒழுகுகிறதா என்று சொல்ல உள்ளே ஒருவர் இருக்க வேண்டும்.

"சயோ, நீ ஏறு. அதையாவது ஒழுங்கா செய்."

கதவைச் சாத்தினேன். குழாய்த் தண்ணீர் கண்ணாடியில் அடித்தது. அதற்கு அப்பால் ஏழு பேரும் உருவமழிந்து நெளிந்தார்கள். இடது கீழ் மூலையில் கை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. ஒழுகுகிறது என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒகிமாவின் கையும் என் கையைப்போல் ஆகிவிடும்.

"ஒழுகுதா?" என்று அப்பா கத்தினார்.

"இல்ல" என்றேன்.

"என்ன?"

"ஒரு சொட்டுகூட இல்ல!"

வெளியே கைதட்டினார்கள். நான் சொன்னதில் அது மட்டும் எல்லோர் காதிலும் விழுந்தது.