விற்ற குழாயைத் திருப்பிக் கேட்டவர்

1

இந்தக் கதை எனக்கு இனாமாகக் கிடைத்தது. காத்தான்குடிப் பிரதான வீதியில் ஸ்கூட்டர் கண்ணாடி ஒன்று வாங்கப் போயிருந்தேன். விலையை இறக்க மனமில்லாத கடைக்காரர் என்னைக் கதிரையில் இருத்தி, பிளேன்டீ வரவழைத்து, பேச்சை வேறு பக்கம் திருப்பினார். மோட்டார் சாமான் கடை முதலாளி ஒருவர், தாம் விற்ற பெற்றோல் குழாயைத் தாமே திருப்பி வாங்கப் போனாராம். வாங்கியவர் தரமாட்டேன் என்றாராம். இவர் கேட்கக் கேட்க, அவர் இன்னும் தரமாட்டேன் என்றாராம். அந்த இடத்தில் வேறொரு வாடிக்கையாளர் உள்ளே வந்துவிட்டார். கடைக்காரர் எழுந்து போனார். கண்ணாடியை அவர் சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டு, முடிவில்லாத கதையோடு வீடு வந்தேன்.

(விலை பேசாமல் நான் பொருள் வாங்கியது அன்று மட்டும்தான். வாப்பா அறிந்தால் — வேண்டாம், இது வாப்பாவைப் பற்றிய கதை அல்ல.)

புடைவைக் கடைக்குள் வளர்ந்தவன் நான். இது அருமையான கதை என்று சொன்னால், 'தலையில் கட்டப் பார்க்கிறான்' என்பீர்கள். சுமாரான கதை என்றால், 'இது வேறு தந்திரம்' என்பீர்கள். நீங்களும் நானும் ஒரே தெருவில் பழகியவர்கள்தானே. ஆகவே தரத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல் துணியை விரித்துக் காட்டுகிறேன். தொட்டுப் பாருங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மட்டக்களப்பு வாவியின் மேல் மாலைச் சூரியன் பொன்னை உருக்கி —

நிறுத்திவிட்டேன். இந்த ஊரிலிருந்து எழுதப்படும் கதைகளில் பாதியில் அந்தச் சூரியன் அதே பொன்னைத்தான் உருக்கிக்கொண்டிருக்கிறது. இந்த வாவிக்குப் பேர்போன பாடும் மீன்களையும் நான் கூப்பிடவில்லை. அவை மற்றக் கதைகளில் வேலையாக இருக்கின்றன.

இரண்டாவது தொடக்கம்:

சரீப் ஹாஜியாரின் ஸ்கூட்டர் பெற்றோல் மணந்தது.

இது நிற்கட்டும்.

சரீப் ஹாஜியார் என்று நான் பெயர் வைத்திருப்பவர்தான் அந்தச் சாமான் கடை முதலாளி. வெள்ளைச் சட்டை, நறுக்கிய தாடி, அளக்காமல் எதையும் வெட்டாத கை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து ஸ்கூட்டரைக் கிளப்பப் போனவரின் மூக்கில் பெற்றோல் ஏறியது. குனிந்து பார்த்தார். காபரேட்டருக்குப் போகிற றப்பர் குழாய், கிளிப் கடித்த இடத்தில் வீங்கிப் பிதுங்கியிருந்தது. விரலால் நசித்தார். வெந்த மரவள்ளிக்கிழங்குபோல நசிந்தது. விரலெல்லாம் கறுப்பு.

அவரே போன கிழமை மாட்டிய புதுக் குழாய் அது. கடை மூலையில் கிடந்த கறுப்புச் சுருளில் வெட்டி எடுத்தது. அதே சுருளில் அதற்கு முன்பு ஒருவருக்கு மட்டும் வெட்டிக் கொடுத்திருந்தார்: புளியந்தீவு கொன்ராட் மாஸ்டருக்கு, அவருடைய பழைய ஒஸ்டின் காருக்கு.

நாளைக்கு அந்தக் காரில்தான் மாஸ்டரின் மகள் அமண்டா தேவாலயத்தில் மோதிரம் மாற்றிக்கொண்டு, கல்லடிப் பாலத்தைத் தாண்டி, விருந்து மண்டபத்துக்குப் போகப்போகிறாள். சனக்கூட்டத்துக்கு நடுவே மெல்ல மெல்ல ஊர்ந்து போகிற கார். கொதிக்கிற இஞ்சின். அதன் பக்கத்தில் இந்தக் குழாய். ஒரு சொட்டுப் போதும்.

3

இங்கே ஹாஜியார்மேல் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. தெரிந்துதான் விற்றாரா?

குழாய் வாங்க வந்த அன்று மாஸ்டர் தெளிவாகக் கேட்டிருந்தார். "ஹாஜியார், இது பெற்றோலுக்கு ஒத்துவருமா?"

ஹாஜியாரின் பதில்: "மாஸ்டர், இதுக்குள்ளால நீங்க பாலையே விடலாம்."

யோசித்துப் பாருங்கள், அதில் பொய் இல்லை. அது தண்ணீர்க் குழாய். பால் தாராளமாகப் போகும்.

முதல் பிரதியில் அவருக்கு எல்லாம் தெரியும் என்று எழுதினேன். ஆளை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அடுத்த பிரதியில் ஒன்றுமே தெரியாது என்று எழுதினேன். கடை நடத்துகிறவர் என்பதையே நம்ப முடியவில்லை. இப்போதைய பிரதி இதுதான்: சுருளில் எழுத்து எதுவும் இல்லை; வேறு சாமான்களோடு சேர்ந்து வந்தது; நீ என்ன குழாய் என்று அவர் அதனிடம் கேட்கவில்லை. எந்தச் சாமானிடம் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட வேண்டும் என்பது வியாபாரத்தில் முதலில் பழகுகிற பாடம்.

மாஸ்டரையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன். போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கிக் குடும்பம். தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஓய்வு என்பது பேச்சுக்கு. களுவாஞ்சிக்குடியில் கோழிகள் குடியிருந்த நிலையில் அந்த ஒஸ்டினை வாங்கி, கோழிகளை எழுப்பிவிட்டு, ஆணி ஆணியாகக் கழற்றிப் பூட்டினார்.*

* பழைய பெற்றோல் குழாயைக் கழற்றியபோது அதன் நடுவில் ஒரு துண்டு ஆஸ்பத்திரிச் சேலைன் குழாய் இருந்தது. எரிபொருளும் சாமானும் கிடைக்காத யுத்த காலத்தில் யாரோ கைக்கு அகப்பட்டதைச் செருகியிருக்கிறார்கள். அதுவும் ஓடியிருக்கிறது. மாஸ்டர் அதைத் தூக்கிப் பிடித்து மனைவி பமீலாவிடம் சொன்னார்: "இனி இந்தக் காருக்குள்ள ஒட்டுப்போட்ட சாமான் ஒண்டும் இரிக்காது." பெற்றோல் தாங்கியிலிருந்து முன்பக்கம்வரை புதுச் செப்புக் குழாயைத் தன் கையால் வளைத்துப் போட்டார். இஞ்சின் ஆடும் என்பதால் கடைசித் துண்டு மட்டும் றப்பராக இருக்க வேண்டும். அந்தத் துண்டுக்குத்தான் ஹாஜியாரிடம் போனார்.

4

ஸ்கூட்டரிலிருந்த குழாயை ஹாஜியார் வெட்டியெடுத்தார். எதையும் எறிந்து பழக்கமில்லாததால் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நூல் பின்னிய உண்மையான பெற்றோல் குழாயில் ஒரு முழம் அளந்து வெட்டிக்கொண்டு ஓட்டோ பிடித்தார். பாலத்தில் போகும்போது, சொல்ல வேண்டிய வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சின்ன வசனம்.

'மாஸ்டர், நான் தந்தது பெற்றோல் குழாய் இல்ல.'

ஓட்டோவுக்குள் நன்றாகத்தான் வந்தது.

வீட்டு முன்விறாந்தையில் பமீலா டீச்சர் கலியாணக் கேக் துண்டுகளை வெள்ளித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க ஹாஜியார். சாப்பாடு நாளைக்கி. இண்டைக்கே பசிச்சிட்டோ?"

"இல்ல டீச்சர். மாஸ்டரக் கண்டுட்டுப் போவம் எண்டு."

பக்கத்துக் கொட்டிலில் ஒஸ்டின் பாலாடை நிறத்தில் பளபளத்தது. பொனட் திறந்திருந்தது. மாஸ்டர் அதற்குள் தலையை விட்டு எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், நான் தந்த குழாய் இரிக்கில்லே, அத ஒருக்காக் கழட்டித் தாங்க. அதுக்குப் பதிலா இத மாட்டுங்க."

"ஏன், அதுக்கு என்ன?"

[இந்த இடத்தில் அந்தச் சின்ன வசனத்தை ஹாஜியாருக்குக் கொடுத்தேன். பல தடவை கொடுத்தேன். வாயில் வைத்தவுடன் துப்பிவிடுகிறார். கடையில் இருக்கிற வாய்க்குச் சில சுவைகள் பழக்கமில்லை.]

"ஒண்டுமில்ல மாஸ்டர். வேற ஒராள் அந்தக் குழாயத்தான் கேக்கான்."

"ஆரு?"

"ஓட்டமாவடிப் பக்கம். பழைய கார் ஒண்டு செய்றான்."

"என்ன கார்?"

"அதுவும்... ஒஸ்டின்தான்."

மாஸ்டர் பொனட்டுக்குள் இருந்து முழுதாக வெளியே வந்தார். குழாயை ஒரு தடவை பார்த்தார். போன கிழமை வாங்கிய குழாயைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

"ஓட்டமாவடியிலரிந்து என்ட குழாயத் தேடி வாறான்."

"ரெண்டு புதுக் கிளிப்பும் தாறன் மாஸ்டர்."

"மறுகா?"

"பெற்றோல் ஃபில்டரும் ஒண்டு."

"ம்."

"நானே எண்ட கையால மாட்டியும் தாறன்."

மாஸ்டர் கையைத் துணியில் துடைத்தார். "ஹாஜியார், ஒரு நட்டுக்கு ஒரு வாஷர் சும்மா தந்த மனிசன் இல்ல நீங்க. இண்டைக்கி ஃபில்டர் வரைக்கும் வந்திட்டீங்க. அப்ப அந்தக் குழாய் லேசுப்பட்ட சாமான் இல்ல."

ஹாஜியார் வழியை மாற்றினார்.

"அப்பிடி ஒண்டுமில்ல மாஸ்டர். அது மட்டமான குழாய். உள்ளுக்குச் சரியில்ல. அவனுக்குச் சும்மா ஒரு பிடிவாதம்."

"வாங்க வாறவன் சாமானக் குறை சொல்லுறது எனக்கும் தெரியும் மேன்," என்று மாஸ்டர் சிரித்தார். "உங்கட கடையிலதான் பழகின."

பாருங்கள். கேட்டால் விலை ஏறுகிறது, இகழ்ந்தாலும் ஏறுகிறது. உண்மையை ஒருமுறை பேரத்துக்குள் போட்டுவிட்டால் அதுவும் பேரமாகவே கேட்கிறது. இது ஹாஜியாருக்கு இப்போதுதான் விளங்கியது. எனக்கு முதலாம் பிரிவிலேயே விளங்கியிருந்தது என்று சொல்வேன். நீங்கள் நம்பமாட்டீர்கள்.

கடைசியாக ஹாஜியார் பெரிய சாமானை இறக்கினார்.

"மாஸ்டர், நாளைக்கி புள்ளைய எண்ட மருமகன்ட வேன்ல அனுப்புவம். புது வேன். ஏசி. பூவெல்லாம் நம்மட செலவு."

மாஸ்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏன்?"

"சும்மாதான்."

"என்ட கார் பாலம் தாண்டாதெண்டு நினைக்கிறீங்களா?"

"அல்லாட காவல், நான் அப்பிடிச் சொல்லல்ல."

"அமண்டா," மாஸ்டர் வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "வா மகள். ஒரு சுத்துப் போய்ட்டு வருவம். பாலத்தடி வரைக்கும்."

தலையெல்லாம் கிளிப் குத்திய கோலத்தில் அமண்டா வந்தாள். "டடா, இந்தத் தலையோட என்னைய ஊர் பார்க்கணுமா?"

"ஊர் காரைத்தான் பார்க்கும். ஏறு."

"நாளைக்கும் அப்பிடித்தானே," என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். மாஸ்டர் பொனட்டை மூடினார்.

5

இங்கிருந்து எனக்குப் பல வழிகள் தெரிந்தன. எல்லாவற்றிலும் கொஞ்சத் தூரம் போய்ப் பார்த்தேன்.

பாலத்தின் நடுவில், பொனட்டின் இடுக்கால் மெல்லிய புகை —

இல்லை. தலைக்குக் கிளிப் குத்தியதைத் தவிர அந்தப் பிள்ளை யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு நல்ல கடைசி வரிக்காக அவளை எரிக்கிற ஆள் நான் இல்லை.

ஹாஜியார் கத்தியை எடுத்து, பொனட்டைத் திறந்து, ஒரே வெட்டில் —

அதுவும் இல்லை. அளக்காமல் எதையும் வெட்டாத கை என்று மேலே எழுதியிருக்கிறேன். இந்த வேகத்துக்காக அந்தக் கையை மாற்றினால், நீங்கள் அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப்போய் என்னைப் பிடித்துவிடுவீர்கள்.

நல்ல காலமாக, சாவியைத் திருப்பும்போதே குழாய் தானாக ஒழுகத் தொடங்கி —

இது மிகவும் வசதியான முடிவு. எல்லோரும் தப்பிவிடுவார்கள், ஹாஜியார் உட்பட. ஆனால் அது எழுத்தாளன் தராசுத் தட்டில் பெருவிரலை வைக்கிற வேலை. எங்கள் கடையில் அப்படி நிறுத்ததில்லை. (புடைவையை முழத்தில்தான் விற்றோம் என்று நினைவூட்டுகிறீர்கள். சரி.)

எனவே நடந்திருக்கக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

மாஸ்டர் சாவியைத் திருப்பினார். இஞ்சின் கறகறத்து நின்றது. குழாய் மாட்டியதிலிருந்து ஓடாமல் நிறுத்தி வைத்த பழைய கார் அப்படித்தான். பெற்றோல் பின்னாலிருந்து ஏறிவரக் கொஞ்சம் வேண்டும். அது செப்புக் குழாய்க்குள்ளால் வந்துகொண்டிருந்தது. கடைசித் துண்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

பமீலா டீச்சர் ஒரு தட்டில் கேக் கொண்டுவந்தார். "எடுங்க ஹாஜியார். பிராந்தி போடாத துண்டு. உங்களுக்கெண்டு வேறயாச் செஞ்ச."

ஹாஜியார் கையை நீட்டினார். டீச்சர் தட்டைக் கொடுக்கவில்லை. மூக்கைச் சுருக்கினார். பன்னீரும் ஏலமும் நாள் முழுக்க மணந்துகொண்டிருந்த மூக்கு அது. வேறு மணம் வந்தால் தப்பாது.

"உங்களிட்ட பெற்றோல் மணக்குது."

"ஸ்கூட்டர் டீச்சர். கையில பட்டிரிக்கும்."

"ஓட்டோவிலதானே வந்தீங்க."

அவர் பார்வை ஹாஜியாரின் சட்டைப் பையில் நின்றது. வெள்ளைத் துணியில் கறுப்பாக ஒரு கறை, விரல் நீளத்துக்கு, பையின் அடியில் ஊறியிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். பிறகு ஹாஜியாரின் மற்றக் கையில் தொங்கிய புதுக் குழாயைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார். உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"பைக்குள்ள இரிக்கிறத எடுங்க பாப்பம்."

எடுத்தால் எதையும் சொல்லத் தேவையில்லை. அந்தத் துண்டு சொல்லிவிடும். மாஸ்டர் ஒருமுறை அதை நசித்துப் பார்த்தால் போதும். கேக் தீரும் முன் புளியந்தீவு அறியும். மாலை மஃரிப் தொழுகைக்கு முன் காத்தான்குடி அறியும். பாலை விடலாம் என்று சொன்ன வாயை ஊர் என்ன செய்யும் என்று ஹாஜியாருக்குத் தெரியும். இன்னொரு கடைக்காரருக்கு அதைச் செய்தவர்களில் அவரும் ஒருவர்.

எடுக்காவிட்டால், "ஒண்டுமில்ல டீச்சர், பழைய றப்பர்" என்று சிரித்துவிட்டுப் போகலாம். குழாய் நாளைக்கும் தாங்கிக்கொள்ளலாம். ஸ்கூட்டரில் சில நாள் தாங்கியதுதானே. பாலமும் அவ்வளவு நீளமில்லை.

எனக்குக் கதை தந்த கடைக்காரர் இந்த இடம்வரைகூட வரவில்லை. அவரிடம் திரும்பிப் போய் மிச்சத்தைக் கேட்கலாம். இன்னொரு கண்ணாடி வாங்கவேண்டி வரும். ஆகவே இருப்பதை உங்களிடமே தந்துவிடுகிறேன். ஹாஜியார் சற்று விலகி நிற்கட்டும். அவருடைய இடத்துக்கு நீங்கள் வாருங்கள். சட்டை உங்களுடையது. பையின் அடியில் ஈரமாக, நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருப்பது அந்தத் துண்டுதான். மெல்லத் தொட்டுப் பாருங்கள், நசியும்.

காருக்குள் அமண்டா கண்ணாடியைப் பார்த்து ஒரு கிளிப்பைச் சரிசெய்கிறாள். மாஸ்டர் மறுபடி சாவியைத் திருப்புகிறார். இந்த முறை இஞ்சின் கிளம்பிவிடுகிறது.

டீச்சரின் கை நீட்டியபடியே இருக்கிறது.