ஊற்றாத தண்ணீர்

வேலியில் விளையாட்டுக் கழகத்து நீலப் பெனியன் காய்வதைக் கண்டபோதே ஒழுங்கைக்கு விசயம் விளங்கிவிட்டது. நல்லரத்தினம் இந்தச் சித்திரை வருசத்துக்கும் ஓடப்போகிறார். பெண்சாதி அன்னப்பூரணி செத்து ஆண்டுத் திவசம் இன்னும் முடியவில்லை. தலைக்கு மருத்துநீர் வைக்காத வீடு, பலகாரச் சட்டி ஏறாத வீடு. அந்த வீட்டு மனிசன் அறுபதைத் தாண்டிய வயதில், காலில் சப்பாத்தும் இல்லாமல், பொடியன்களோடு மரதன் ஓட்டம் ஓடப்போகிறாராம். சனத்துக்குக் கதைக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

மகள் சுலோஜனா அந்தப் பெனியனை இழுத்து உள்ளே எறிந்தாள். அவர் எடுத்துக்கொண்டு வந்து திரும்பவும் வேலியில் போட்டார். மறுபடி எறிந்தாள். மறுபடி போட்டார். பிறகு அவள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மாட திவசம் முடியல்ல அப்பா. ஊர் சிரிக்கப் போகுது."

"சிரிச்சா சிரிக்கட்டும் புள்ள."

"நான் முகத்தக் கொண்டு எங்க வைக்கிற? நீங்க ஓடினா நான் இந்த வாசல் படலையத் தாண்ட மாட்டன். சொல்லிப்போட்டன்."

அவர் வேலிக்குப் போய்ப் பெனியனை உதறி நேராக்கினார். எதைச் சொல்லி விளங்கப்படுத்துவது?

வாலிபத்திலிருந்து வெண்தாமரை விளையாட்டுக் கழகத்துக்கு ஓடுகிற கால்கள் அவை. கிரானில் ஓடினார், வெல்லாவெளியில் ஓடினார், தோணி ஏறி வாவியைக் கடந்து தேற்றாத்தீவிலும் ஓடினார். வென்ற கிண்ணங்களில் அன்னப்பூரணி புளியும் உப்பும் போட்டு வைத்தாள். "ஒங்கட ஓட்டத்தால எனக்குக் கிடைச்ச லாபம் இதுதான்" என்பாள். வயது போகப் போகக் கிண்ணம் வரவில்லை. பிறகு கடைசி ஆளாய் வருவதே அவருக்கு வழக்கமாகிவிட்டது. "கடைசியா வாறதுக்கும் ஒரு ஆள் வேணுந்தானே" என்று அதற்கும் சிரித்தாள் மகராசி.

மரதன் அன்று, வாவிக்கு மேற்கே படுவான்கரை ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. படலைக்குப் படலை சனம் வாளியோடும் குடத்தோடும் நிற்கும். ஓடிவருகிறவன் எந்த ஊரானாக இருந்தாலென்ன, தலையில் தண்ணீர் விழும். அது உதவியும்தான், விளையாட்டும்தான். அன்னப்பூரணி நிற்பது வயல்வட்டை முடிகிற இடத்து மதகடியில், வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். முன்னால் போகிற ஒருத்தனுக்கும் அவள் வாளியிலிருந்து ஒரு சொட்டு விழாது. இவர் வந்து தலையைக் குனிந்ததும் முழு வாளியும் கவிழும். "ஓடுங்க, ஓடுங்க! கிழட்டு மாடு மாதிரி நிக்காம ஓடுங்க!" அந்த ஏச்சிலேதான் மிச்சத் தூரத்தை ஓடி முடிப்பார்.

அவள் போனபிறகு எத்தனையோ நாள் அந்த மதகடிக்குப் போய்ப் பார்த்துவிட்டார். சைக்கிளில் போனார், நடந்தும் போனார். மதகு மதகாகத்தான் இருந்தது. கீழே வாய்க்காலில் எருமை கிடந்தது. ஓடி, நெஞ்சு எரிந்து, நா வறண்டு போய்ச் சேர்ந்தால்தான் அது அவள் நிற்கிற இடமாகும் என்று அவருக்குப் பட்டது. இதை வெளியில் சொல்ல முடியுமா? மனிசனுக்கு மண்டை பிழைத்துவிட்டது என்று முடித்துவிடுவார்கள்.

கழகச் செயலாளர் நிதுர்ஷன் பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான ஆள். மறுக்காமல் பெயரை எழுதிக்கொண்டார். "நான் பின்னால மோட்டார் சைக்கிள்ல வருவன் மாமா. ஏலாட்டி ஏறிருங்க" என்று மட்டும் சொன்னார்.

வெடி போட்டதும் பொடியன்கள் பறந்துவிட்டார்கள். செம்மண் கிறவல் றோட்டில் நல்லரத்தினம் தனியே ஓடினார். ஊர் சிரிக்கும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் வந்திருந்தார். முதல் படலையில் கண்ணகை நின்றாள். அன்னப்பூரணியோடு ஒன்றாக நாற்று நட்டவள். முன்னால் போன பொடியன்களை நனைத்த சிரிப்பு முகத்தில் காயாமல், அடுத்த குடத்தைத் தூக்கியபடி திரும்பினாள். இவரைக் கண்டாள். குடம் மெல்ல இறங்கிற்று. பக்கத்தில் வாளி தூக்கியவளின் கையையும் பிடித்து அமர்த்தினாள்.

"வேணா கா. பாவம், துக்க வீட்டு மனிசன்."

அடுத்த படலையிலும் அப்படியே. அதற்கடுத்த படலையிலும் அப்படியே. அவர் கிட்ட வரவர ஆரவாரம் அடங்கியது, வாளிகள் நிலத்துக்கு இறங்கின. ஒரு மனிசரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பார். துக்க வீட்டுக்குக் கொடுக்கிற மரியாதையை எப்படித் தாங்குவது? மற்றவர்களுக்கு ஊற்றிய தண்ணீரில் றோட்டெல்லாம் சேறு. கால் இரண்டும் நனைந்து வழுக்க, தலை மட்டும் காய்ந்து கொதித்தது. 'ஊத்துங்களன், ஒரு வாளி ஊத்தினா என்ன?' என்று கத்த வேண்டும்போல் வந்தது. ஓடிக்கொண்டே இருந்தார்.

கோயிலடியில் திரும்புகிறவர்களின் கையில் அடையாளத்துக்குச் சிவப்பு நாடா கட்டினார்கள். அதையும் தலை நிமிராமலே கட்டிவிட்டார்கள். திரும்பி வருகிற வயல்வழியில் இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வட்டை. ஒதுங்க ஒரு மரமில்லை. நிதுர்ஷன் மோட்டார் சைக்கிளைப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"மாமா, முகம் கறுத்துப் போச்சு. ஏறுங்க. இல்லாட்டி இந்தப் போத்தல் தண்ணியயாவது குடிங்க."

"வேணா தம்பி. மதகடி வரைக்கும் போவம்."

நிதுர்ஷனுக்கு மதகடி என்றால் என்னவென்று தெரியும். ஊருக்கே தெரியும். அவர் போத்தலை மூடிக்கொண்டு பின்தங்கினார்.

மதகு வந்தது. ஒருவரும் இல்லை. இல்லை என்பது தெரிந்துதானே வந்தார்? ஆனால் பழகிய கழுத்து அதுபாட்டில் குனிந்தது. குனிந்தபடி நின்றார். ஒன்றும் விழவில்லை. வெயில்தான் பிடரியில் விழுந்தது.

"அன்னம்" என்றார்.

அதோடு உடைந்து போனார். கொள்ளி வைத்த அன்றும் அழாத மனிசன், முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, பெனியன் நெஞ்சு நனைய நனைய அழுதார். பின்னால் மோட்டார் சைக்கிளின் சத்தம் நின்றது.

ஆரோ ஓடிவருகிற காலடி கேட்டது. சுலோஜனா. படலையைத் தாண்டமாட்டேன் என்றவள், தலைகூட வாராமல், தாயின் மஞ்சள் வாளியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றாள். வாளியை உயர்த்தினாள். உயர்த்திய கை அப்படியே நின்றது.

"என்னால ஏலாதப்பா. அம்மாதானே ஊத்துற…"

"ஊத்த வேணா புள்ள. புடிச்சிக்கிட்டு நில்லு."

அவள் வாளியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். அவர் குனிந்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். மைதானத்து ஸ்பீக்கரில் கயிறிழுக்க ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாளி தளும்பித் தளும்பி, வழிந்த தண்ணீர் அவள் சட்டையையும் அவர் கால்களையும் நனைத்து, கிறவலில் கோடாக இறங்கி மதகுக்குள் விழுந்தது. அவர் இன்னும் தலையை எடுக்கவில்லை.