கண் மூச்சு விடும் இடம்

உயிரியல் ஒரு பாதி, அதை ஊருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது மறு பாதி என்ற முதுகலைப் படிப்பில் சேர்ந்தபோது, தனக்கு இரண்டு ஆசிரியர்கள் கிடைப்பார்கள் என்று அவள் மகிழ்ந்தாள். கிடைத்தது இரண்டு மாமியார்கள்.

ஆய்வகப் பேராசிரியருக்கு எளிய சொல்லைக் கண்டாலே ஆகாது. "கிருமி கத்துக்குதுன்னு எழுதியிருக்கே. அதுக்கென்ன பள்ளிக்கூடமா நடத்துறாங்க?" என்று அந்த வரியை அடிப்பார். தொடர்பியல் மேடத்துக்குக் கடினமான சொல் ஆகாது. "இதை உங்கப்பா படிச்சா புரியுமா? அதை மட்டும் யோசி" என்று அடிப்பார். இருவரும் அடித்தது போக மிஞ்சியதற்குக் கீழே அவள் பெயர் இருக்கும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இறுதி மதிப்பீட்டுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை பற்றி ஒரு போஸ்டர். 'தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் வேண்டாம்' என்பது தலைப்பு. அடியில் இன்னொரு வரியும் வைத்திருந்தாள்: 'டாக்டர் கொடுத்ததை நீங்களாக நிறுத்தாதீர்கள்.' எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்பதிலேயே ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, ஆதாரம் எங்கே என்று பேராசிரியர் கேட்டார். நாயாய் அலைந்து ஆதாரம் கொண்டுவந்தால், மேடம் வரியையே தூக்கிவிட்டார்.

"ஒரு போஸ்டருக்கு ஒரு சேதிதான். இந்த இடம் வெள்ளையா இருக்கட்டும். கண்ணு மூச்சு விடணும்."

அவள் மல்லுக்கு நின்றாள். மதிப்பெண் யார் கையில் இருக்கிறது என்று நினைவு வந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

அச்சாகி வந்ததில் ஒரு பிரதியை அப்பா ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். தண்ணீர் கேன் போட வந்தவரைக்கூட நிற்கவைத்து, "என் பொண்ணு எழுதினது" என்று காட்டினார். அவர் சர்க்கரை நோய்க்காரர். கால் கட்டைவிரலில் வந்த புண்ணுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புண் காய்ந்தது போலத் தெரிந்ததும் மீதி மாத்திரைகளை டப்பாவுக்குள் போட்டு மூடினார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

விரல் வீங்கிக் காய்ச்சல் கொதித்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா விரலை எடுத்திருக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும், அவளுக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்தது.

"யாரைக் கேட்டுப்பா நிறுத்தினீங்க?"

"உன்னைக் கேட்டுத்தாம்மா. தேவையில்லாம வேண்டாம்னு நீதானே எழுதியிருந்தே? புண்ணுதான் ஆறிடுச்சே, அப்புறம் என்ன தேவை?"

அவருக்குப் புரியாமல் இல்லை. எழுதியிருந்தது ஒரு சொல் விடாமல் புரிந்திருந்தது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"மேல காய்ஞ்சாலும் உள்ள கிருமி மிச்சம் இருக்கும்பா. டாக்டர் சொல்லாம நிறுத்தக் கூடாது."

"அட, இவ்வளவுதானா! இதை எழுதியிருக்கலாமே. இடமா இல்ல? கீழ எவ்வளவு காலியா கிடக்கு! நான் ப்ளம்பர் நம்பரையே அங்கதான் எழுதி வச்சிருக்கேன்."

வீட்டுக்கு வந்து பார்த்தாள். கண் மூச்சு விட வேண்டிய இடத்தில், அப்பாவின் கோணல் எழுத்தில் ப்ளம்பர் நம்பர். அதற்குக் கீழே தடித்த பேனாவால் தன் வரியை எழுதினாள். போஸ்டரைக் கதவிலிருந்து உரித்தெடுத்துச் சுருட்டினாள்.

மதிப்பீட்டு நாளில் அரங்கு முழுக்கப் பளபளவென்று போஸ்டர்கள். இவளுடையதில் மட்டும் எண்ணெய்க் கறையும் கைரேகையும். மேடம் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"என்ன நம்பர் இது?"

"ப்ளம்பர் நம்பர், மேடம்."

"விளையாடுறியா? மார்க் மொத்தமும் போயிடும். நல்ல காப்பி இல்லையா?"

"இருக்கு மேடம். பையிலதான் இருக்கு."

"அப்போ அதை மாட்டு. உங்கப்பா படிச்சா புரியணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, இதைப் பார்த்தா யாருக்குப் புரியும்?"

"அந்தக் காப்பியை எங்கப்பா படிச்சார், மேடம்" என்றாள். "நல்லாவே புரிஞ்சுது. இப்ப ஆஸ்பத்திரியில இருக்கார்."