டேனியல் இறுக்கிய மூடி

டேனியல் எதையும் சும்மா மூடமாட்டார், இறுக்குவார். ஊறுகாய் ஜாடியோ தைல பாட்டிலோ, அவர் கை பட்டால் அவ்வளவுதான். மறுநாள் மனைவி ஸ்டெல்லா வெந்நீர் வைத்து மூடிமேல் ஊற்றித்தான் திறக்க வேண்டும். மல்லாபூர் தொழிற்சாலையில் முப்பது வருஷம் லேத்தில் நின்ற கை. இந்த வீட்டில் மனுஷி சாப்பிட வேண்டாமா என்று அவள் திட்டாத நாளில்லை.

அந்த மனுஷன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் போனதிலிருந்து நாச்சாரம் வீட்டு வாசலில் நின்றபடியே நின்ற காரை, இன்று பத்து மணிக்கு அடுத்த வீட்டுக் கிரி வந்து எடுத்துப் போகிறான். தினமும் பட்டான்செருவுக்கு வேலைக்கு ஷேர் ஆட்டோவில் தொங்கி அலுத்த பிள்ளை, ஓட்டட்டும். ஸ்டெல்லாவுக்கு வேண்டியதெல்லாம் டயர் வால்வுகளின் மேலிருந்த நாலு மூடிகள். தெருவில் யாரோ பழைய மூடிகளைத் திருடிவிட்டார்கள் என்ற ரோஷத்தில், கடைசி வருஷம் டேனியல் அலுமினியத்தில் கடைந்தவை. ஒவ்வொன்றின் உச்சியிலும் அவள் பெயரின் முதலெழுத்தைப் பொறித்திருந்தார். அதோடு விட்டாரா? இனி எவன் கழற்றுகிறான் பார்க்கலாம் என்று குறடு போட்டு இறுக்கியும் வைத்தார்.

திருடன் வரவில்லை, மழை வந்தது. பித்தளை வால்வில் அலுமினிய மூடி வெள்ளையாய்ப் பூத்து ஒட்டிக்கொண்டது. நாலு டயரிலும் காற்றில்லை. தெருமுனையில் டயர் கடை வைத்திருக்கும் வாணியம்பாடிக்காரர் நூர் முகமது, காற்றடிக்கும் மெஷினோடு வீட்டுக்கே வந்தார். எண்ணெய் விட்டார், குறடு போட்டார். இன்னும் முறுக்கினால் வால்வே ஒடிந்துவிடும் என்றார். வால்வை மாற்ற வண்டி கடைக்குப் போக வேண்டும், போகக் காற்று வேண்டும். ஆகவே ரம்பத்தை எடுத்தார். மூன்று மூடிகள் பிளந்து விழுந்தன. ஒன்றிலும் எழுத்து முழுசாக இல்லை.

நாலாவதில் ரம்பத்தை வைத்தபோது ஸ்டெல்லா அவர் கையைத் தடுத்தாள்.

"நக்கோ பாய், வேணாம். கொஞ்சம் இருங்க" என்று உள்ளே போய்ப் பாத்திரம் நிறையத் தண்ணீரை அடுப்பில் ஏற்றினாள்.

கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்ததைப் பார்த்து நூர் முகமது சிரித்துவிட்டார். "அக்கா, இது ஊறுகா பாட்டில் இல்ல."

"மூடினது அதே கைதானே பாய்" என்றாள்.

அவர் சிரிப்பை விட்டுவிட்டு வால்வின் அடியைக் குறட்டால் பிடித்துக்கொண்டார். அவள் மூடியில் துணியைச் சுற்றி நிதானமாக ஊற்றினாள். முதல் தடவை அசையவில்லை. மறுபடி ஊற்றி, சூட்டைப் பார்க்காமல் துணியோடு அழுத்தித் திருகினாள். கிரீச்சென்று ஒரு சத்தம். அது எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும் என்று அவள் கைக்குத் தெரிந்தே இருந்தது. இன்னும் அரைச் சுற்று, மூடி உள்ளங்கையில் விழுந்தது. முழுசாக, எழுத்தோடு.

நூர் முகமது காற்றுக் குழாயை வால்வில் மாட்டினார். பத்து மணிக்குக் கிரி வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

ஸ்டெல்லா மூடியை ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். விரல்கள் சிவந்து எரிந்தன. அந்த எரிச்சல்கூட அவளுக்குப் பிடித்திருந்தது. ஜாடியை எடுத்துத் திருகிப் பார்த்தாள். இரண்டு விரலில் திறந்துகொண்டது. இரண்டு வருஷமாக வீட்டில் எல்லாமே அப்படித்தான் திறக்கிறது. அடுப்பின் மேல் பாத்திரத்தில் இன்னும் பாதி வெந்நீர் இருந்தது. அதற்கு இனி ஒரு வேலையும் இல்லை.