பிப்ரவரி அளவு

நெரிடாவின் வலது தோள் நீலம் பாரித்திருந்தது. போட்டியில் சுட்டு அப்படியாகியிருந்தால் பெருமையாகக் காட்டித் திரிந்திருப்பாள். இது முழுக்க முழுக்கப் புருஷன் ரஸின் லேப்டாப் செய்த வேலை.

ரஸ் கோதுமைக் கிடங்கில் முப்பது வருடம் எடை பார்த்து ஓய்வுபெற்றவன். புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் கிடைத்தாலும் அவனுக்குப் போதாது. டால்பி ஊருக்கு வெளியே அவர்கள் வீட்டு ஷெட்டில் நெரிடா பதினைந்து வருடமாகத் தன் ரைஃபிளுக்குத் தானே தோட்டா செய்துவந்தாள். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டைச் சுத்தம் செய்வாள், வெடிமருந்தை நிறுத்துப் போடுவாள், மேலே குண்டை அழுத்தி வைப்பாள். போன வருடம் ஒரே ஒரு புள்ளியில் குவீன்ஸ்லாந்து மாநில அணியில் அவள் இடம் பறிபோனது. மறுநாளே ரஸ் லேப்டாப்பில் ஒரு மென்பொருளை வாங்கிப் போட்டுவிட்டான். கூடு எவ்வளவு கொள்ளும், மருந்து என்ன வகை, குழல் எத்தனை நீளம் என்று எல்லாவற்றையும் கொடுத்தால், குண்டு என்ன வேகத்தில் போகும் என்று அது சொல்லிவிடுமாம்.

பாவம், ஆசையாகத்தான் செய்தான். அதனாலேயே அவளால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை.

பிப்ரவரியில் ரைஃபிளுக்குப் புதுக் குழல் மாட்டினார்கள். குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் புரி தொடங்கும் இடம் குண்டின் மூக்கிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை ரஸ் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அளந்து லேப்டாப்பில் ஏற்றினான். முதல் வாரம் சுட்டபோது ஐந்து குண்டும் ஒரு காசு அகலத்துக்குள் விழுந்தன. நெரிடாவுக்கு அது போதும். ரஸுக்குப் போதவில்லை. லேப்டாப் சொன்ன வேகத்துக்கும், சுடும்போது வேகம் அளக்கும் கருவி காட்டியதற்கும் வினாடிக்கு எட்டு அடி வித்தியாசமாம்.

"எட்டடியில என்ன குடி முழுகிப்போச்சு?" என்றாள்.

"ஏன்னு தெரியணும்ல?" என்றான்.

ஏன் என்று தெரிய ஐம்பது தோட்டா. அடுத்த சனிக்கிழமை, மருந்தைத் துளி குறைத்து இன்னொரு ஐம்பது. ஜூனில் குண்டுகள் சிதற ஆரம்பித்தன. மருந்தைக் கூட்டினான், குறைத்தான், வேறு மருந்தே வாங்கினான். சிதறல் கூடியதுதான் மிச்சம். லேப்டாப் வாராவாரம் ஒரு புது எண்ணைத் துப்பியது. ஒவ்வொன்றுக்கும் ஐம்பது தோட்டா. அவன் எழுதுவான், அவள் சுட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு குண்டு தாண்டினால் இந்த மாதிரிக் குழல் தேறாது என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அவனுக்கும் தெரியும். அதனால்தான் குழலை மிச்சம் பிடிக்க, கிளப் போட்டிகளுக்கு இந்த வருடம் போக வேண்டாம் என்று அவனே யோசனை சொன்னான். அவளும் போகவில்லை. தலையெழுத்து.

செப்டம்பரில் அணித் தேர்வு. ஆயிரம் கஜம், இருபது குண்டு. முதல் ஏழு நடுவட்டத்தில் விழுந்தபோது நெரிடா லேப்டாப்பைக்கூட மன்னிக்கத் தயாரானாள். குழல் சூடேறியது. எட்டாவது இடது பக்கம் போனது, ஒன்பதாவது மேலே. காற்றில் தப்பில்லை, கையில் தப்பில்லை. பதினைந்தாவதுக்குப் பிறகு எங்கே குறிவைப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. போன வருடம் லேப்டாப் இல்லாமல் ஒரு புள்ளியில் தோற்றாள். இந்த வருடம் லேப்டாப்போடு பதினோரு புள்ளியில் தோற்றாள்.

ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு வந்தாள். ரஸ் பானெட்மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தான். முகத்தில் வெளிச்சம்.

"நெரி, கண்டுபிடிச்சுட்டேன். சுடச் சுடப் புரியோட வாய் அரிச்சு முன்னால தள்ளிப் போயிட்டே இருக்கு. நாம பிப்ரவரி அளவையே வச்சுட்டு மருந்தை மாத்திட்டு இருந்திருக்கோம். எத்தனை சுட்டோம்னு போட இங்க ஒரு கட்டமே இருக்கு, நான்தான் பார்க்கல."

நெரிடா பையிலிருந்து குழலின் நோட்டை எடுத்தாள். சுட்ட ஒவ்வொரு குண்டும் அதில் இருந்தது.

"போட்டுக்கோ. ஆயிரத்து ஐந்நூத்தி இருபது."

அவன் விரல் பொத்தான்மேல் போனது.

"அதுல போட்டிக்குச் சுட்டது, இன்னைக்குச் சுட்ட இருபதுதான்" என்றாள். "மத்தது அத்தனையும் உன் எட்டடிக்கு."

ரஸ் எந்த எண்ணையும் அழுத்தவில்லை.