எதிரொலிப் பாறையில் ஏலம்

அந்தக் காரில் வாயைத் திறக்காமல் மலையேறிய ஒரே ஆள் மைக்செட்தான். காய்கறி மண்டியில் ஏலம் விடுகிறவருக்கு மண்டிக்காரர்கள் வைத்த பெயர் அது. அவர் ‘ஒரு தரம்’ என்று ஆரம்பித்தால் பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். அப்பேர்ப்பட்ட தொண்டையில் முடிச்சு விழுந்து, ஆபரேஷன் முடிந்து, ஒரு மாதம் மூச்சு விடலாம், பேச்சு விடக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. முணுமுணுக்கக்கூடக் கூடாதாம். ஒரு கைதட்டல் என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. வீட்டுக்குள் வந்துபோனவர்கள் என்னவோ கச்சேரி நடக்கிறது என்று நினைத்தார்கள்.

அந்த மாதம் நேற்றோடு முடிந்தது. இன்று பேசலாம். பேச வரவேண்டுமே! “குரல் வரும். பழைய குரலே வரும்னு நான் எழுதித் தரமாட்டேன்” என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். திங்கட்கிழமை மண்டியில் போய் நின்று கூவாவிட்டால், இவர் இடத்தில் தற்காலிகமாகக் கூவுகிற ஆள் அங்கேயே நிலைத்துவிடுவான்.

முதல் வார்த்தையை மலையில், எதிரொலிப் பாறையில்தான் பேசுவேன் என்று மைக்செட் பிடிவாதமாக இருந்தார். மகள் போனில் காட்டிய படத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினார், அவ்வளவுதான். “அப்பாவுக்கு என்ன ரசனை பாரேன்!” என்று மகளும் மாப்பிள்ளையும் குதித்தார்கள். அவர் பெண்டாட்டிக்குத்தான் விஷயம் பிடிபட்டது. குரல் போயே போய்விட்டதென்றால், முன்பின் தெரியாத கூட்டத்தின் இரைச்சலில் அது தெரியட்டும், மண்டிக்காரன் ஒருத்தனும் பார்க்க வேண்டாம் என்று மனுஷன் கணக்குப் போட்டிருக்கிறார். பாவி மனுஷன்!

ஆனால் மலை சும்மா விட்டதா? ஒவ்வொரு வளைவிலும் ஒரு புது ஆச்சரியத்தை எடுத்து நீட்டியது. வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து ஓடிவந்து கட்டிய ஊர். கல் தேவாலயத்தில் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி. சேலைக்கு மேல் மகளின் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அந்த வெளிச்சத்தில் நின்ற பெண்டாட்டி, தன் கை நீலமாகிப்போனதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துரை குடியிருந்த பங்களாவுக்குள் போனால், அறைக்கு அறை கணப்பு.

“எந்தப் புண்ணியவதி இத்தனை சாம்பலையும் அள்ளினாளோ!” என்றாள்.

குளியலறையில் சிங்கக் கால் வைத்த பீங்கான் தொட்டி ஒன்று. அதைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. “தொட்டிக்கு எதுக்குடி காலு? துரை எங்க இருக்காரோ அங்க இது நடந்து போகுமா?”

“அம்மா, மெதுவா! எல்லாரும் பாக்கறாங்க” என்றாள் மகள்.

“பாக்கட்டுமே. டிக்கெட் வாங்கிட்டுத்தானே வந்திருக்கோம்.”

மைக்செட் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார், சத்தமே இல்லாமல். அந்தச் சத்தமில்லாத சிரிப்பைப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஏரியில் படகு விட்டார்கள், மாப்பிள்ளையின் புதுத் தொப்பி காற்றில் பறந்து தண்ணீரில் விழுந்தது, துடுப்பை நீட்டி அதைப் பிடிக்கப் போய் மாப்பிள்ளையும் பாதி நனைந்தார். ஊரே கேட்கும்படி கிண்டல் பண்ண வேண்டிய மாமனார் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிரொலிப் பாறைக்கு வந்து சேர்ந்தபோது பனிமூட்டம் இறங்கியிருந்தது. எதிரே இருக்கிற மலை கண்ணுக்கே தெரியவில்லை. இரும்புக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைக் கத்த, வெள்ளைத் திரைக்குப் பின்னாலிருந்து யாரோ பதில் சொல்வதுபோல அது திரும்பி வந்தது. வரிசை நகர்ந்தது. மைக்செட்டின் முறை வந்தது.

கம்பியைப் பிடித்தார். மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார்.

“சார், சீக்கிரம் கத்துங்க சார்” என்றார் பின்னால் நின்றவர்.

மைக்செட் திரும்பி மனைவியைப் பார்த்து இரண்டு தடவை கைதட்டினார். பயம், அசல் பயம். எத்தனையோ வருஷமாகக் குடும்பம் நடத்தியவள் அந்த முகத்தில் அதை இதுவரை பார்த்ததில்லை.

அடுத்து அவள் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவரை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கம்பிக்கு முன்னால் போய் நின்றாள். அடுப்படி ஜன்னலைத் தாண்டிக் கேட்கும்படி ஒரு நாளும் குரலை உயர்த்தாதவள், வயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினாள்.

“ஏலம்! ஏலம்! ஏலம்!”

“ஏலம்... ஏலம்...” என்றது மலை.

“பேசாத புருஷன் ஒருத்தர்! நல்ல சரக்கு! நூறு ரூபா!”

மகள் முகத்தை மூடிக்கொண்டாள். வரிசையில் கொல்லென்று சிரிப்பு.

“குறட்டை விடுவாராம்மா?” என்று கேட்டாள் மஞ்சள் குல்லா போட்ட ஒருத்தி.

“விடுவாரு! அதுக்குத் தனியா காசு வேணாம்!”

“அப்ப நூத்தம்பது!”

“நூத்தம்பது ஒரு தரம்!” தொண்டை கிழிந்தது. அவள் நிறுத்தவில்லை. “நூத்தம்பது மூணு...”

“ஏய்! ரெண்டாந்தரம் எங்கடி?”

எல்லோரும் திரும்பினார்கள். மைக்செட் கையை ஓங்கிக்கொண்டு நின்றார். “ரெண்டாந்தரம் சொல்லாம எவனாவது ஏலத்த முடிப்பானா? எவன் ஒத்துக்குவான்? தள்ளு அந்தப் பக்கம்!”

தள்ளு... பக்கம்... பக்கம்... என்று மலை அதைத் திருப்பிக் கொடுத்தது.

பழைய குரல் இல்லை அது. ஓரத்தில் கொஞ்சம் பிசிறு தட்டியது. ஆனால் பனியைக் கிழித்துக்கொண்டு போய், மலையில் முட்டி, முழுசாகத் திரும்பி வந்த குரல். பக்கத்தில் ஒரு முறையும் மலையிலிருந்து ஒரு முறையும் கேட்டாள் அவள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

தன் வாயிலிருந்து வந்தது தனக்கே உறைக்கச் சற்று நேரமாயிற்று மைக்செட்டுக்கு. அப்புறம் யார் பிடித்து நிறுத்துவது! கம்பியை அறைந்தார். “நூத்தம்பது ஒரு தரம்! நூத்தம்பது ரெண்டு தரம்!” என்று கூவிவிட்டு, மண்டியில் செய்கிற மாதிரியே நிறுத்தி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை பெண்டாட்டியிடம் வந்து நின்றது.

“எரநூறு” என்றாள் அவள், கீச்சுக் குரலில்.

“இருநூறு ஒரு தரம்! இருநூறு ரெண்டு தரம்! இருநூறு மூணு தரம்! சரக்கு வீட்டுக்காரிக்கே!”

வரிசை முழுக்கக் கைதட்டியது. மஞ்சள் குல்லாக்காரி விசிலே அடித்தாள்.

மலையிறங்கும் வழியெல்லாம் மைக்செட் ஓயவில்லை. மாப்பிள்ளையின் தொப்பி, துரையின் தொட்டி, டாக்டரின் மூக்கு என்று ஒரு மாதத்துப் பாக்கியைக் கொட்டினார். “மெதுவாப் பேசுங்கப்பா, டாக்டர் திட்டுவாரு” என்று மகள் கெஞ்சிக்கொண்டே வந்தாள். பெண்டாட்டி மட்டும் தொண்டை கட்டிப்போய் ஒரு வார்த்தை பேச முடியாமல் ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள்.

“ஆமா, இத்தனை வருஷமா நான் வீட்லயும் தூக்கத்துலயும் கூவறதக் கேட்டவதானே நீ” என்றார் திடீரென்று, குரலைத் தாழ்த்தி. “ரெண்டாந்தரத்த எப்படி மறந்த? வேணும்னேதானே விட்ட?”

அவள் ஜன்னலைப் பார்த்தபடியே ஒரு தடவை கைதட்டினாள்.