குடிகாரன் இறங்கும் வெயில்

அந்தப் பட்டாம்பூச்சிக்குக் குடிகாரன் என்று பெயர் வைத்தவன் தம்பிதான். மருந்துக்கடையில் வேலை. விடுமுறை வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவான். திரும்பி வந்ததும் அக்காவின் தையல்கடையில், மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்குக் காது புளிக்கும்வரை அதே பேச்சு.

“பூ பக்கமே திரும்பாதுக்கா. எப்பவும் மரத்து உச்சியிலதான் இருக்கும். பட்டையில வடியிற பால் புளிச்சா வந்து குடிக்கும். அழுகின பழம், சாணி, செத்துக் கெடக்குறது, எதையும் விடாது. காலையில வெயில் விழுற எடமாப் பாத்துத்தான் கீழ எறங்கும்.”

“கருமம். இதப் பாக்கவா இவ்ளோ தூரம் போற?”

“றெக்கைய மூடினா காஞ்ச எல. தொறந்தா ஒரு நீலம் தெரியும் பாரு, அப்படி ஒரு துணி உன் கடையில கெடையாது.”

“மொதல்ல ஒரு பொண்ணப் பாரு. பூச்சிய அப்புறம் பாக்கலாம்.”

மழைக்கு முன்னால் அப்படிப் போனவன் திரும்பவில்லை. போனும் எடுக்கவில்லை. மழை விட்டதும் வனக்காவலர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு தேடப் புறப்பட்டார். “நீங்க வீட்டுல இருங்கம்மா” என்று அவர் சொன்னதை அக்கா காதிலேயே வாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

காலை வெயில் ஏறியபோது, மரங்கள் விலகிய ஓர் இடத்தில் நீல நீலமாக ஏதோ எழும்பி எழும்பி அமர்ந்தது. வந்தவர்கள் அசந்துபோய் நின்றார்கள். ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். அக்கா மட்டும் பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னம்மா ஆச்சு?” என்றார் காவலர்.

“அது பூவுக்கு வராதுங்க.”

காவலருக்குப் புரிந்துவிட்டது. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தனியாகப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே கத்தினார்: “பன்னிம்மா! காட்டுப்பன்னி!”

அவள் சிரித்தாள். கண்ணில் நீர் முட்ட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் காணாமல் போனதிலிருந்து அன்றுதான் முதல்முறையாகப் பசித்தது. யாரோ நீட்டிய பிஸ்கட்டை வாங்கித் தின்றாள்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பள்ளம். அடர்ந்த மரங்களுக்கு அடியில் நட்ட நடுப்பகலிலும் இருட்டிக் கிடந்தது. அதற்குள்தான் தம்பி கிடந்தான். கரையில் வழுக்கிய தடம் மழைக்குப் பிறகும் அழியவில்லை. ஈக்கள் மொய்த்தன. நீலமாக ஒன்றுகூட இல்லை. வெயில் விழாத இடத்துக்கு அவை வருவதில்லை.

“இத்தன வருஷம் அது பின்னாடியே அலைஞ்சான். ஒண்ணாவது வந்திருக்கலாம்ல?” என்று காவலரிடம் சண்டைக்குப் போவதுபோல் கேட்டாள். அவர் “வாங்கம்மா, பாத்து ஏறுங்க” என்று கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார்.

எல்லாம் முடிந்து, துக்கத்துக்கு வந்தவர்களும் போன பிறகு அம்மா மெல்லக் கேட்டாள். “எப்படிடி விழுந்தான்?”

“மேல பாத்துக்கிட்டே நடந்திருப்பான்மா. உச்சியில ஏதாவது பறந்திருக்கும்.”

“கீழ பாத்து நடடா, கீழ பாத்து நடடான்னு தலதலையா அடிச்சுக்கிட்டேனே” என்று அம்மா அவனையே திட்டினாள். அப்படியே சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.